வேண்டாமுங்க

பாப்பாவ இந்தப் பக்கமாச் சாச்சுக்குங்க. அங்க வெயில் நேரா தலைல அடிக்குது, மொட்டைத் தலைல சந்தனம் காஞ்சா இழுக்கும். அந்தப் பைய ஏன் கால்ல வெச்சுட்டு அவதிப்படறீங்க, இப்படிக் குடுங்க. அட குடுங்க. வேண்டாமா? என்னங்க வேண்டாங்கறது, இதா, மேல வெச்சாச்சு. எறங்கறப்ப நானே எடுத்துத் தர்றேன். முன் சீட்ல இருக்கறது ஊட்டுக்காரம்மாங்களா? சரி சரி.

ரெண்டாவது மொட்டைங்களா? அப்படியா. நாலு வயசா. நல்லதுங்க. நீங்க உடுமலைல எறங்கறீங்க, நான் பொள்ளாச்சி வரைக்கும். இந்தாங்க, கொய்யா. ஆயக்குடிக் கொய்யா, இப்பத்தான் கூடைல வந்துச்சு. எடுங்க. வேண்டாமுங்களா? உப்பு மொளகாப்பொடி கூட வாங்கியிருக்கேனுங்க. சரி, பாப்பா எந்திரிச்சதும் கேக்கும், அப்பக் குடுத்துக்கலாம்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. பஸ்ல ஏறி பாப்பா தலையப் பாத்ததுலருந்து கேக்கோணும் கேக்கோணும்னே இருக்குது. ஆனா திடுதிப்புனு கேட்டா, யாருடா இவன் கிறுக்கன்னு நெனைப்பீங்க. அதனால விசயத்த மொதல்ல சொல்லிட்டு அப்பறம் கேக்கறேன். ஒரு மணி நேரம் இருக்குதில்லீங்க உடுமலைக்கு.

என் பேரு சென்னியப்பனுங்க. கல்யாணப் பந்தில பரிமாறறது என் தொழில். முப்பத்தொரு வருசமாச்சு. பொள்ளாச்சிப் பக்கம் நீங்க எந்த மண்டபத்துல சாப்பிட்டிருந்தாலும் என் கையால ஒரு கரண்டி வாங்கியிருப்பீங்க. எங்க தொழில்ல வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமில்லீங்க. மொதல் தடவ சொல்றது கூச்சம். ரெண்டாவது தடவ சொல்றது, பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்க என்ன நெனைப்பாங்களோன்னு ஒரு மரியாதைக்கு. நெசமான வேண்டாம்ங்கறது மூணாவதுதான் வரும், அதுக்குள்ள நான் ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிருவேன். சில பேரு ரெண்டு கையவும் விரிச்சு இலைய மறைச்சுக்குவாங்க, பாத்திருப்பீங்க. அந்த விரல் சந்துல பாயசத்த விடறதுக்கு ஒரு பழக்கம் வேணும். கைல ஒரு சொட்டுப் படாது. சென்னியப்பன் நிக்கற வரிசைல ஒக்காந்தா எந்திரிக்கவே முடியாதுன்னு மாப்பிள்ள வீட்டுக்காரங்க சொல்றப்ப, எனக்கு அது பட்டம் குடுத்த மாதிரி இருக்கும்.

இதை எதுக்குச் சொல்றன்னா, வருசம் பூரா எனக்கு அதுதான் பழக்கம். ஆளு மாறும், பழக்கம் மாறுமுங்களா?

ஆடில முகூர்த்தம் கிடையாது. கையக் கட்டிட்டு ஊட்டுல ஒக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும். எங்கூர்ல ஒரு குழு இருக்குதுங்க. தேவசேனாபதி சார்னு ஒருத்தர், சர்வீஸ் முடிஞ்சு வந்தவர், நல்ல மனுசன், அவருதான் நடத்தறாரு. ரோட்டோரமாக் கெடக்கறவங்களக் கூட்டிட்டு வந்து, முடி எடுத்து, குளிக்க வெச்சு, புதுத்துணி போட்டு, ஒரு இல்லத்துல கொண்டு போய்ச் சேப்பாங்க. நல்ல காரியமுங்க. இப்பவும் நல்ல காரியம்னுதான் சொல்லுவேன். முதுகுல புண்ணு வெச்சுப் புழு நெளிஞ்சுட்டு இருந்த ஒரு பெரியவர, அங்க கொண்டு போனதுனால பொழைச்சாரு. அதை என் கண்ணால பாத்திருக்கேன்.

போன ஆடில நானும் போய்ச் சேந்தேன். எனக்குக் குடுத்த வேலை கூப்பிடறது. கிட்டப் போனா சில பேரு கல்லெடுப்பாங்க, சில பேரு எந்திரிச்சு ஓடுவாங்க. நான் போனா வந்துருவாங்க. வாங்கம்மா, வாங்கய்யா, ஒரு நிமிசம் வந்துட்டுப் போயிருங்கன்னு பேசிப் பேசியே வண்டில ஏத்திருவேன். ஒருத்தரைக் கூட நான் நீ, வா, போன்னு பேசினதில்லீங்க. வேணும்னா அந்த வீடியோவப் பாருங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசியிருப்பேன்.

வீடியோவப் பத்தி அப்பறம் சொல்றேன்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஒரு காம்ப்ளெக்ஸ் இருக்குதுங்க. அதோட மாடிப்படிக்குக் கீழ ஒரு அம்மா இருந்தாங்க. அம்பது அம்பத்திரண்டு வயசு இருக்கும். தலைய ஒரு துண்டுல சுத்திக் கட்டியிருப்பாங்க. பக்கத்துல ஒரு நைலான் பை, ஒரு கொடம், ஒரு சீமாறு. ரோட்டுல இருக்கறவங்களுக்குச் சீமாறு எதுக்குன்னு நான் ஒரு நிமிசம் யோசிச்சிருக்கோணும். யோசிக்கல.

அன்னிக்குப் புதன்கெழம. காலைல பத்து மணி. "ஏனுங்கம்மா, சாப்டீங்களா?"ன்னேன். "ஆச்சுங்க"ன்னாங்க. "எங்க கூட வாங்க, ஒரு நல்ல எடம் இருக்குது, வேளைக்குச் சோறு, படுக்கக் கட்டில்"னேன். "வேண்டாமுங்க"ன்னாங்க. மொகத்துல கோபமெல்லாம் இல்லீங்க. சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க. அதுதான் என்னை ஏமாத்திருச்சு. சத்தம் போட்டிருந்தா, ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா, நான் திரும்பியிருப்பேன். இந்த 'வேண்டாமுங்க' எனக்குப் பழக்கமான வேண்டாமுங்க. பந்தில தெனமும் நூறு கேப்பேன்.

அதனால, "அட, சும்மா வாங்கம்மா, புடிக்கலைன்னா நானே கொண்டு வந்து விட்டர்றேன்"னு பையத் தூக்கிட்டேன். பை என் கைல இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க, பொறகாலயே வந்தாங்க. வண்டில ஏறுங்கன்னேன், வேண்டாமுங்கன்னாங்க. கையப் புடிச்சு ஏத்திவிட்டேன். புதுச்சேலை நீட்டுனாங்க நம்ம ஆளுங்க, வேண்டாமுங்க. "வேண்டாமுங்கறது அம்மாவுக்கு ஒரு பழக்கம் போல"ன்னு நான் சொன்னேன், வண்டில இருந்தவங்க எல்லாம் சிரிச்சோம். அவங்களுமே லேசாச் சிரிச்ச மாதிரிதான் எனக்கு ஞாபகம்.

பாப்பா அசையுது பாருங்க. இல்ல, தூங்குது. இந்தக் கொய்யாவுல ரெண்டு உங்க பைல போட்டர்றேன், ஊட்டுல போய் நறுக்கிக் குடுங்க. மறுபடி வேண்டாங்கறீங்களே, ரெண்டு பழத்துல என்னங்க இருக்குது. போட்டாச்சு.

எங்க விட்டேன். ஆங். இல்லத்துல புதுசாச் சேக்கறவங்களுக்கு முடி எடுத்துத்தான் அனுப்போணும்னு ஒரு சட்டம். பேன், சொறி எதும் பரவக்கூடாதுன்னு. பொம்பளைங்களுக்கு ஒரு மறைப்புக் கட்டி, மிஷின் புடிக்க ஒரு அம்மிணி வரும். குளிக்க வெக்கறத வீடியோ எடுக்க மாட்டாங்க, முடி எடுக்கறத எடுப்பாங்க. மிஷின் புடிக்கற அம்மிணி அந்தம்மாவோட தலைத்துண்ட அவுத்துதுங்க. உள்ள பெரிய கொண்டை. கொண்டையப் பிரிச்சதும் இடுப்புக்குக் கீழ எறங்குச்சு முடி. சிக்கு இல்ல, அழுக்கு இல்ல. எண்ணெ வெச்சு வாரி, பளபளன்னு இருந்துச்சு. அந்த அம்மிணி மிஷின நிறுத்திட்டு, "அண்ணா, பேனெல்லாம் இல்லீங்களே"ன்னு கேட்டுச்சு. அங்க நின்னவங்கள்ல யாரோ, "வண்டிக்கு நேரமாச்சு, எடுத்துருங்க"ன்னாங்க. எடுத்துட்டாங்க.

அதுக்கு மேல அந்தம்மா ஒண்ணும் சொல்லலீங்க. முடி மடில விழுந்துச்சு, அதக் கையால தள்ளி விடாம அப்படியே வெச்சுட்டு ஒக்காந்திருந்தாங்க. அறுபது கிலோமீட்டர் தள்ளி அந்த இல்லம். வண்டி கெளம்பறப்ப, சாப்பாடு நல்லாருக்குமுங்கம்மான்னு கையாட்டுனேன்.

அடுத்த திங்கக்கெழம ஒரு பொண்ணு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. இருவத்தஞ்சு, இருவத்தாறு வயசிருக்கும். "ஏனுங்கண்ணா, படிக்கட்டுக்குக் கீழ இருந்த எங்கம்மாள நீங்கதான் வண்டில ஏத்துனீங்களாமா? பூக்கடையில சொன்னாங்க"ன்னுச்சு. அது பேரு தங்கமணி. மில்லுல வேலை. அம்மா பேரு பாவாத்தா. அப்பத்தான் எனக்கு அவங்க பேரே தெரியும்.

தங்கமணி சொல்லித்தான் மிச்சமும் தெரியும். மருமகன் ஊட்டுல ஒரே ஒரு ரூம்பு. அதுல மாமியாரும் இருந்தா அந்த ஊட்டுல நாலு பேச்சு வரும். யாரும் அவங்களப் போன்னு சொல்லலீங்க. அவங்களாத்தான் கெளம்பி வந்திருக்காங்க. காலைல அந்த வரிசைல ஏழு கடைக்கு வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு, பூக்கடைக்குக் கொடத்துல தண்ணி எடுத்துக் குடுப்பாங்களாம். அதுல சாப்பாடு. பஸ் ஸ்டாண்டு பாத்ரூம்ல காசு குடுத்துத் தெனமும் குளியல். திங்கக்கெழம மகளுக்கு மில்லு லீவு. பத்து மணிக்கு அது வரும். அம்மாள முன்னால ஒக்கார வெச்சு, எண்ணெ வெச்சு, சீவி, சடை பின்னி, அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு விடும். அம்மாளும் மகளும் பேசிக்கறதெல்லாம் அந்த ஒரு மணி நேரந்தானுங்க. அடுத்த திங்கக்கெழம வரைக்கும் அந்தக் கொண்டை அவுறாது, துண்டு கட்டி வெச்சுக்குவாங்களாம்.

ஒடனே இல்லத்துக்குப் போன் போட்டேன். சனிக்கெழமயே போயிட்டாங்கன்னாங்க. காலைல எந்திரிச்சு, "வாசல் கூட்டட்டுமுங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. பரவால்லியே, வந்த நாலாம் நாளே வேலை செய்யறாங்களேன்னு சீமாறக் குடுத்திருக்காங்க. வாசலச் சுத்தமாக் கூட்டிட்டு, சீமாற செவுத்துல சாச்சு வெச்சுட்டு, வெளிய நடந்து போயிட்டாங்க.

தங்கமணி அழுகலீங்க. "வீடியோ எடுத்தாங்களாமாண்ணா, அதக் காட்டுங்க"ன்னுச்சு. என் போன்லயே இருந்துச்சு, காட்டுனேன். மூணு நிமிசம், பொறகால அம்மாவப் பத்தி ஒரு பாட்டு ஓடும், ஊரே பாத்துட்டுப் பாராட்டுன வீடியோ. அது பாத்து முடிச்சுட்டு, "பாட்டு இல்லாம இருக்குங்களா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அது எதுக்குன்னு புரியல. அந்த வீடியோவுக்குப் பாட்டுச் சேத்துக் குடுத்த ஸ்டுடியோக்காரர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு கம்ப்யூட்டர்ல பாட்ட எடுத்துட்டு ஓட்டுனாரு.

பாட்டுக்கு அடில அந்தம்மா பேசிட்டே இருந்திருக்காங்க. வேண்டாமுங்க. வேண்டாமுங்க சாமி. முடி மட்டும் வேண்டாமுங்க, மக வருவா. இது எதையும் நான் கேக்கலீங்க. பக்கத்துல நின்னிருக்கேன், என் காதுல விழுந்திருக்கும், விழுகாம எப்படி. ஆனா நான் கேக்கல. தங்கமணி விரல் விட்டு எண்ணுச்சு. மொத்தம் பதினொரு தடவ.

அந்த 'எடுத்துருங்க'வும் அதுல இருக்குது. யாரோ சொன்னாங்கன்னு சொன்னேனில்லீங்களா. அது நாந்தானுங்க. என் குரலு எனக்குத் தெரியாதா. ஸ்டுடியோக்காரர் என்னைத் திரும்பிப் பாத்தாரு, நான் சுவத்தப் பாத்தேன்.

அந்தப் புள்ள என்னைத் திட்டியிருந்தா நான் பொழைச்சிருப்பேன். அது ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. "எங்கம்மா எதையும் யாருகிட்டயும் ரெண்டாந்தடவ சொன்னதில்லீங்கண்ணா." அவ்வளவுதான். சொல்லிட்டுச் செருப்பப் போட்டுட்டுப் போயிருச்சு.

ஆவணி பொறந்துச்சு. மொத முகூர்த்தம், எண்ணூறு இலை. பாயச வாளியத் தூக்கிட்டு வரிசைல போறேன், ஒரு அம்மா இலை மேல கைய வெச்சு, வேண்டாமுங்கன்னாங்க. என் கை அப்படியே நின்னு போச்சுங்க. அடுத்த இலைக்குப் போயிட்டேன். அங்க ஒருத்தர் போதுமுங்கன்னாரு, அதுக்கும் அடுத்த இலைக்குப் போயிட்டேன். பந்தி முடிஞ்சதும் பொண்ணு வீட்டுக்காரர், பாயசத்த ஒருத்தருக்கும் ரெண்டாவது கரண்டி ஊத்தல, எங்க மானமே போச்சுன்னு காண்ட்ராக்டர்கிட்டச் சண்டைக்கு வந்துட்டாரு. ஐப்பசி வரைக்கும் பொறுத்துப் பாத்தாங்க. இப்ப என்னை இலை போட விட்டிருக்காங்க. இலை போடறப்ப யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க பாருங்க. அப்படியும் அந்த 'வேண்டாமுங்க' காதுல கேக்குதுங்க. கொழாயத் தொறந்தாக் கேக்குது. ஊட்டுல சம்சாரம் இட்லி வேணுமான்னு கேட்டு நான் வேண்டாம்னு சொன்னா, என் வாய்லருந்தே அந்தம்மா கொரலு வருது. பயமா இருக்குதுங்க எனக்கு. அம்பத்தெட்டு வயசு ஆம்பள, சொல்றதுக்கே கூச்சமாத்தான் இருக்குது.

முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாப் போய்ப் பாப்பேன். ஒட்டன்சத்திரம், தாராபுரம், காங்கேயம், திண்டுக்கல். தங்கமணி ஒரு போட்டோ குடுத்துச்சு. அதுல சடைய முன்னால போட்டுட்டு நிப்பாங்க. அதக் காட்டிக் கேட்டா யாருக்குத் தெரியும்? இப்ப இருக்கற மொகம் அதுல இல்லியே. அதை மாத்தினது நாங்கதானே. ஒவ்வொரு திங்கக்கெழமயும் தங்கமணி பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கும். நான் எறங்கறதப் பாக்கும். நான் இல்லைன்னு தலைய ஆட்டுவேன், அது போயிரும். மார்கழி பொறந்ததும் மறுபடி வேலை இல்ல, தெனமும் சுத்தறேன்.

பழனிக்கு வரோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்க. நேத்து ராத்திரி படுத்திருக்கறப்பத்தான் பொறி தட்டுச்சு. தலைல முடியில்லாத ஒரு பொம்பள, யாரும் திரும்பிப் பாக்காம இருக்கோணும்னா எந்த ஊருக்குப் போவா?

ஆமாங்க. பாத்தேன். இன்னிக்குக் காலைல, இந்தப் பஸ் ஏறறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால.

பஸ் ஸ்டாண்டுக்குப் பொறகால ஒரு பூக்கடை வரிசை. அதுக்கு முன்னால குனிஞ்சு கூட்டிட்டு இருந்தாங்க. முடி மூணு விரக்கடை வளந்திருக்குது, குத்திட்டு நிக்குது. என் கைல ஒரு பாட்டில் எண்ணெ. கரிசலாங்கண்ணி போட்டுக் காச்சுனது, சம்சாரத்துகிட்டச் சொல்லிக் காச்சி, போற எடத்துக்கெல்லாம் தூக்கிட்டுப் போவேன். கிட்டப் போனேன். நிமிந்து பாத்தாங்க. சீமாறக் கீழ போட்டுட்டு, ரெண்டு கையவும் விரிச்சுத் தலை மேல வெச்சு மறைச்சுக்கிட்டாங்க.

அந்தக் கைய நான் முப்பத்தொரு வருசமாப் பாத்துட்டு இருக்கறனுங்க.

பத்தடி தள்ளியே நின்னுட்டேன். "நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்கம்மா"ன்னேன். கை எறங்கல. "தங்கமணி தேடுதுங்க"ன்னேன். அப்பத்தான் எறங்குச்சு. "நல்லாருக்குதுங்களா அது?"ன்னு கேட்டாங்க. நல்லாருக்குது, திங்கக்கெழமையானா உங்களுக்காக நிக்குதுன்னேன். "கூட்டிட்டு வரட்டுமுங்களா?"ன்னேன்.

"வேண்டாமுங்க."

கீழ கெடந்த சீமாற எடுத்துட்டு அவங்களே சொன்னாங்க. "இதப் பாத்தா அழுவா. கையில புடிச்சுப் பின்னற அளவுக்கு வளரட்டும், நானே போயிர்றேன்." நான் விடலீங்க. "எங்க இருக்கீங்கன்னாச்சும் சொல்லட்டுமுங்களா?"ன்னேன். "வேண்டாமுங்க"ன்னாங்க. மூணாவது தடவையாக் கேக்க வாய் வரைக்கும் வந்துருச்சு. அந்தப் புள்ள அஞ்சு மாசமாக் காத்துட்டு இருக்குது. இன்னொரு தடவ கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பாங்களோ என்னமோ. நான் கேக்கல. எண்ணெ பாட்டில நீட்டுனேன். அதுக்கும் வேண்டாமுங்க. திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். இதா, இந்தப் பைல இருக்குது பாருங்க. நீட்டுன ஒரு பொருளத் திருப்பி எடுத்துட்டு வந்தது என் வாழ்க்கைல இதுதான் மொதத் தடவ.

இன்னிக்குத் திங்கக்கெழம. தங்கமணி நிக்கும். பாத்தேன்னு தலையாட்டுனா அடுத்த பஸ்ல பழனிக்கு ஏறிரும், நான் புடிச்சு நிறுத்த முடியுமா? அந்தம்மா மறுபடி தலைல கைய வெச்சுட்டு எங்காச்சும் நடந்துருவாங்க. பாக்கலைன்னு சொன்னா, அந்தப் புள்ள மொகத்த நான் இன்னும் எத்தன வாரத்துக்குப் பாக்கோணும்? அதத்தான் உங்ககிட்டக் கேக்கோணும்னு இருந்தேன். பாப்பாவுக்கு மொத மொட்டை போட்டீங்களே, அப்பறம் சடை பின்னற அளவுக்கு வளர எத்தன மாசமாச்சுங்க? உங்களுக்குத் தெரியாதா? அம்மிணிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. ஏனுங்க அம்மிணி, சும்மா குடுமி போடற அளவு இல்ல, பின்னற அளவுக்கு.

ஒண்ணரை வருசமா.

அப்ப, இன்னும் ஒரு வருசத்துக்கு மேல இருக்குது. அத்தன திங்கக்கெழமயும் நான் எறங்கித் தலைய ஆட்டோணும். பாக்கலைன்னு. சரிங்க. அந்தம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வேற என்ன பண்றது.

உடுமலை வந்துருச்சு. பாப்பாவப் பாத்துத் தூக்குங்க. பைய எடுத்துத் தரட்டுமுங்களா? நீங்களே எடுத்துக்குவீங்களா, சரிங்க, சரிங்க. ஒரு நிமிசம் மட்டும் இப்படிக் காட்டுங்க. உள்ள போட்ட ரெண்டு கொய்யாவ நான் எடுத்துக்கறேன். நீங்க மொதல்லயே வேண்டாம்னு சொன்னீங்க.